மமதாவின் காலா, வண்டியின் பிரேக்கா

கல்யாணக் காரின் டிரைவர் சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி நின்றால், மாப்பிள்ளை வீட்டார் முதலில் அவளைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள், டிரைவர் எங்கே என்று. மமதாவுக்கு அது பழகிவிட்டது. "நான்தான் சார், ஏறுங்க" என்பாள். பெண் வீட்டாருக்கு அந்தக் குழப்பமே வருவதில்லை. புடவை மடிப்பைப் பிடித்துக் கல்யாணப் பெண்ணைக் காருக்குள் உட்கார வைப்பதிலிருந்து, வேர்த்து வழிந்தால் முகத்தில் டிஷ்யூ ஒற்றிக் கொடுப்பது வரை அவளே பார்த்துக்கொள்வாள். டேஷ்போர்டில் ஒரு டப்பா நிறைய ஊக்கும் ஹேர்ப்பின்னும் வைத்திருந்தாள். சர்ச் கல்யாணமானால் கவுனின் வால் கதவில் மாட்டாமல் மடித்துப் போடவும் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது ஒக்கலிபுரத்தில். கல்யாணமாகியும் அதே பேட்டையில் இரண்டு தெரு தள்ளித்தான் குடித்தனம். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், பெண்களுக்கு இலவசமாக டிரைவிங் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். பிறகு பல வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினாள். கொரோனாவில் ஸ்கூல் மூடியபோது வேனும் போனது. புருஷன் உமேஷ் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸில் டிரைவர். வீட்டில் இரண்டு பேரும் டிரைவர் என்பதால் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் பாதி ரோட்டைப் பற்றித்தான் இருக்கும்.

ரிச்சர்ட்ஸ் டவுன் டிரேவர் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தது அதற்கப்புறம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிட்டயர் ஆன மனிதர். தாத்தா காலத்திலிருந்து அதே வீடு. காம்பவுண்டுக்குள் மாமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசிடரும் ஒரு பச்சை பியட்டும் நின்றன. இரண்டையும் பளபளவென்று வைத்துக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டார். பியட்டை ஓட்டுகிறவர் அமல், அந்த ஏரியாக்காரர், இருபது வருஷ டிரைவர். அம்பாசிடரை ஓட்ட வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. மமதா நிலைத்தாள்.

அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் பழைய காலத்து டிரம் பிரேக். கல்லை மிதிப்பது போல் மிதிக்க வேண்டியிருந்ததால், டிரேவர் எப்போதோ ஒரு பூஸ்டர் வைத்திருந்தார். பானட்டுக்குள் கறுப்பாக, வட்டமாக இருக்கும் டப்பா அது. மிதிக்கிற பாரத்தில் பாதியை அது தாங்கிக்கொள்ளும். அந்த வருஷம் மழைக்காலத்தில் அந்த பூஸ்டர் கெட்டுப்போய், பெடல் மறுபடியும் கல்லானது. ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் சின்னப்பா வேறொரு பூஸ்டர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்று மமதாவே டிரேவரிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

நந்தி மலைக்குப் போனது அதற்கப்புறம்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒரு ஜோடி. பெண் பெயர் அதிதி. விடிவதற்குள் மேலே போய், பனிமூட்டத்தில் காரோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குவதாகத் திட்டம். போட்டோக்காரர் பின்னால் வேறு காரில் வந்தார். ஏறும்போதே வண்டி முக்கியது. மூன்றாவது கியரில் போகிற இடத்தில் இரண்டாவது கேட்டது. மேடுதானே என்று மமதா விட்டுவிட்டாள்.

படமெல்லாம் எடுத்து முடித்து இறங்கத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி அவள் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. வழக்கத்தைவிட அழுத்தி மிதித்துத்தான் திருப்பினாள். அடுத்த வளைவில் இன்னும் அழுத்தம் கேட்டது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் முழு பலத்தையும் போட்டு மிதித்தாள். பெடல் உள்ளே போகவில்லை. மேலேயே கெட்டியாக நின்றது. காலுக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத்தான் தெரிந்தது. வண்டி மட்டும் அதுபாட்டுக்கு ஓடியது.

பின் சீட்டில் அதிதி போனில் படங்களைக் காட்டி மாப்பிள்ளையிடம் சிரித்துக்கொண்டிருந்தாள். மமதா கிளட்ச்சை மிதித்து இரண்டாவது கியருக்குத் தள்ளினாள். இன்ஜின் அலறியது. வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டதும் முதல் கியருக்குப் போட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

"என்னாச்சுக்கா?" என்றாள் அதிதி.

"ஒண்ணுமில்ல மா. இறக்கத்துல கியர்ல போனாத்தான் நல்லது. கெட்டியா புடிச்சிக்கோங்க."

ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டு, இழுத்து விட்டு, மலைப்பக்கமாகவே ஒட்டிப்போய், ரோடு அகலமான ஓர் இடத்தில் மண்மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினாள். அங்கே ஒருவர் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். நான்கு சக்கரத்திலிருந்தும் புகை வந்தது. இன்ஜினை அணைத்தாள்.

பின்னால் வந்த போட்டோக்காரர் இறங்கி ஓடி வந்தார். "சூப்பர் ஸ்மோக்! அப்படியே இருங்க, யாரும் நகராதீங்க!" என்று சடசடவென்று படம் எடுத்தார். அதிதியும் மாப்பிள்ளையும் காரில் சாய்ந்து நின்றார்கள். கொய்யாக்காரர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பேடா அண்ணா, வேணாம், ஊத்தாதீங்க!" என்று மமதா ஓடித் தடுத்தாள். "சூட்டுல ஊத்தினா டிரம் வெடிச்சிடும்."

நன்றாக ஆறும் வரை காத்திருந்தாள். ஆறியதும் பிரேக் பழையபடி பிடித்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மீதி வளைவுகளை எல்லாம் முதல் கியரிலேயே உருட்டி இறக்கினாள். ஜோடியை வீட்டில் விட்டபோது அதிதி அவள் கையைப் பிடித்து, கல்யாணத்துக்கும் நீங்களே வர வேண்டும் என்றாள்.

சின்னப்பா டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவின் லைனிங் கருகி, கண்ணாடி போல் மினுமினுத்தது. விரலால் தேய்த்துக் காட்டினார்.

"பாத்தியா? பிரேக் மேலயே காலை வெச்சிக்கினு வந்திருக்கே. மலை இறக்கத்துல அப்படி வந்தா எந்த வண்டியும் தாங்காது தங்கச்சி."

"நான் வைக்கல அண்ணா. வளைவுல மட்டும்தான் மிதிச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம காலு வெச்சிருக்கிறது நமக்கே தெரியாது. புது பூஸ்டர் வேற, லேசா தொட்டாலே புடிக்கும்."

புது ஷூ மாட்டிக் கொடுத்தார். டிரேவர் கோபப்படவில்லை. அது அவர் சுபாவமில்லை. "ஜஸ்ட் பீ கேர்ஃபுல், மமதா. காலை மட்டும் பாத்துக்கோ" என்றார். வீட்டில் உமேஷும் சோற்றைப் பிசைந்துகொண்டே அதையேதான் சொன்னான். "புதுசா பூஸ்டர் வெச்சா அப்படித்தான் இருக்கும். எங்க பஸ்லயும் ஒரு பையன் இப்படித்தான் லைனிங்கை எரிச்சான்."

மூன்று பேரும் வண்டி தெரிந்தவர்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னபோது மமதாவுக்குத் தன் கால் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். சிக்னலுக்குச் சிக்னல் குனிந்து காலைப் பார்த்தாள். ஒரு தடவை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். பாதத்தைத் தரையில் ஊன்றி, வேண்டும்போது மட்டும் தூக்கி மிதித்தாள். அப்படியும் சிவாஜிநகர் நெரிசலில் அரை மணி ஊர்ந்து போனதும் அந்தக் கருகல் வாடை வந்தது. மிதித்தால் வண்டி தயங்கித் தயங்கித்தான் நின்றது.

வண்டியை டிரேவர் வீட்டில் விடும் முன் சின்னப்பாவிடம் மறுபடி காட்டலாம் என்று ஒக்கலிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். பாலத்தடிச் சரிவில் டிராபிக் நின்றது. வழக்கம்போல் நியூட்ரலில் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தாள். முன்னாலிருந்த டெம்போ நகர்வதாகக் காணோம். கால் வலிக்கவே பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கையை நீட்டினாள். இழுப்பதற்கு முன் ஒரு கணம் கை நின்றது. வண்டி உருளவில்லை.

நல்ல சரிவு அது. சைக்கிளை விட்டால்கூடப் பின்னால் ஓடும். அத்தனை கனமான அம்பாசிடர் பிரேக் இல்லாமல், கியர் இல்லாமல், ஹேண்ட் பிரேக் இல்லாமல் அப்படியே நின்றது. மமதா தன் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதும் நின்றது.

மறுநாள் காலை குளிர்ந்த வண்டியை எடுத்து வந்து அதே சரிவில் அதையே செய்து பார்த்தாள். சரசரவென்று பின்னால் உருண்டது. அவசரமாக மிதித்து நிறுத்தினாள்.

இதைச் சின்னப்பாவிடம் சொன்னபோது அவர் வேறொரு வண்டிக்கடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே கேட்டுவிட்டு, "ஷூ புதுசு இல்ல? கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். தேய்ஞ்சா சரியாயிடும்" என்றார். வெளியே வந்து ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிக் காட்டினார். வண்டி அதற்குள் ஆறிப் போயிருந்தது. சக்கரம் லேசாகச் சுற்றியது. "பாரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே ஒரு சர்ச் கல்யாணம். அம்பாசிடரைத்தான் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம் மமதா டிரேவர் வீட்டுக்குப் போய், சாவியை வராந்தா மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு வண்டியை எடுக்க மாட்டேன் சார்."

டிரேவர் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னப்பா ஓகேன்னு சொல்லிட்டான்ல? சிட்டிக்குள்ளதானே? மெதுவா போனா போதும்."

"மெதுவா போறப்பத்தான் சார் சூடாவுது. எதுக்குன்னு எனக்குத் தெரியல. என் காலு இல்லைன்னு மட்டும் தெரியும். உள்ளே பொண்ணு மாப்பிள்ளை உக்காந்திருப்பாங்க, எனக்கு வேணாம்."

"கல்யாண வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? நாளைக்குக் காலைல நான் எங்கே போய் வண்டி தேடுவேன்?"

மமதா சாவியைத் திரும்ப எடுக்கவில்லை. டிரேவர் அமலுக்குப் போன் போட்டார். பியட்டுக்கு மறுநாள் வேலை இல்லை. அம்பாசிடரை ஓட்ட அமல் வருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்று மமதாவே அமலுக்குப் பேசினாள். "அமல் அண்ணா, சூடான பிறகு அது பிடிக்காது. கியர்லயே நிறுத்தப் பாருங்க. முன்னாடி இடம் விட்டுப் போங்க."

"நீ ஏன்மா டென்ஷன் ஆவுறே? இருவது வருஷமா ஓட்டுறேன். அம்பாசிடர்லதான் தொழிலே கத்துக்கிட்டேன்" என்று சிரித்தார் அமல்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை ஓடவில்லை. ஊற வைத்த துணியைத் துவைத்துவிட்டு மறுபடி அதையே துவைத்தாள். உமேஷுக்கு அன்று லீவு. டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் போனை எடுப்பதையும் வைப்பதையும் பார்த்தான்.

"அதான் சொல்லிட்டே இல்ல? அமல் என்னா நேத்து வந்தவனா? பாத்துக்குவான், விடு."

"நான் ஓட்டினா என் காலு தப்பு. அவர் ஓட்டினா இருவது வருஷமா?"

உமேஷ் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

அவளை உறுத்தியது வேறு. தான் எடுக்க மாட்டேன் என்று சொன்னதோடு தன் பொறுப்பு முடிந்ததா? வேறு ஒருவர் கையில் அதே வண்டி, அதே மாதிரி ஒரு ஜோடியோடு, அதே நெரிசலில் போய்க்கொண்டிருந்தது. சாவியை மேஜையில் வைத்ததற்குப் பதிலாகக் கையோடு எடுத்து வந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தாள். அப்படிச் செய்திருந்தால் வேலை போயிருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் அமலிடமிருந்து போன் வந்தது.

"மமதா... ஆர்ச்சைத் தள்ளிட்டேன்மா."

"யாருக்கு என்னாச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. சர்ச்லேர்ந்து ஹாலுக்கு வர்ற வழி பூரா டிராபிக். ஹால் கேட்டுக்குள்ள திரும்புறேன், மிதிக்கிறேன், நிக்கல. நீ சொன்னது ஞாபகம் வந்து கியரைப் போட்டேன். அப்படியும் போய் அந்த பலூன் ஆர்ச்சுல முட்டிதான் நின்னுது. பேரு எழுதின போர்டு பானட் மேல விழுந்துது. பொண்ணோட மாமா என்னைக் குடிச்சிருக்கியான்னு கேட்டார். நேத்து நான் சிரிச்சிருக்கக் கூடாது."

மமதா சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்பதை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். போனை வைத்த பிறகுதான், இனி யாரும் தன் காலைச் சொல்ல முடியாது என்பது உறைத்தது. அதற்காகச் சந்தோஷப்பட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சாயந்திரம் அவள் போனபோது டிரேவர் காரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முன் கிரில்லில் தங்கக் கலர் தெர்மாகோல் எழுத்து ஒன்று இன்னும் சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு நானும் வர்றேன் சின்னப்பாகிட்ட" என்றார்.

திங்கட்கிழமை மூவரும் வொர்க்ஷாப் வாசலில் நின்றார்கள். சின்னப்பா ஜாக்கியை எடுக்கப் போனார். மமதா தடுத்தாள்.

"ஆறின வண்டியைப் பாக்காதீங்க அண்ணா. அதுல ஒண்ணும் தெரியாது. நீங்களே ஓட்டுங்க. சூடானதும் பாருங்க."

"எனக்கு வேலை கிடக்குதே."

"சின்னப்பா, ஓட்டு" என்றார் டிரேவர், பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டே.

சின்னப்பா ஓட்டினார், மமதா பக்கத்தில் உட்கார்ந்தாள். மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் என்று காலை நெரிசலுக்குள் சுற்றினார்கள். முதலில் சின்னப்பா பேசிக்கொண்டே வந்தார். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு சிக்னலில் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி வாடை பிடித்தார். திரும்பி வரும்போது பாலத்தடிச் சரிவில் மமதா கேட்காமலே ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, காலைத் தூக்கினார். வண்டி அசையவில்லை.

"ம்" என்றார். வண்டியை நேராக வொர்க்ஷாப்புக்கு விட்டார்.

இந்தத் தடவை சூட்டோடு சூடாக ஜாக்கி வைத்தார். முன்சக்கரம் ஒன்றைக் கையால் திருப்பினார். இறுகிக் கிடந்தது. மற்றொன்று, பின்னால் இரண்டு, எல்லாம் அப்படியே. கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வீல்னா ஷூ, ஸ்பிரிங்குன்னு சொல்லலாம் சார். நாலும் சேர்ந்து புடிக்குதுன்னா நாலுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு."

பானட்டைத் திறந்தார். பூஸ்டரின் மூக்கில் மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்தது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை நான்கு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதான். அதைப் பூஸ்டரோடு பிடித்திருந்த நட்டுகளை ஸ்பானரால் தளர்த்தி, நடுவில் ஒரு வாஷர் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார். பிறகு எழுந்து போய் முன்சக்கரத்தைத் தொட்டார். சக்கரம் கடகடவென்று சுற்றியது. மமதா பின்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் சுற்றியது.

சின்னப்பா பூஸ்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கம்பியை டிரேவருக்குக் காட்டினார். "இந்த ராடு சார். அரை நூல், ஒரு அரிசி கனத்துக்கு, நீளமா இருக்குது. நாம காலை எடுத்தாலும் இது சிலிண்டரை லேசா தள்ளிக்கினே நிக்குது. போன ஆயில், சிலிண்டர் மேல இருக்கிற டப்பாவுக்குத் திரும்பி வர்ற வழியை அடைச்சிடுது. ஓட ஓட சூடு, சூட்டுல ஆயில் பெருகும், பெருகினா ஷூ இன்னும் இறுக்கும். கடைசில லைனிங் தீஞ்சி போய்ப் புடியே இல்லாம போவுது."

"அதாவது, பிரேக் போட்டபடியே ஓட்டியிருக்கோம்?" என்றார் டிரேவர்.

"ஆமா சார். பூஸ்டர் மாட்டினப்போ ராடை அளக்கல நான். பழசும் இதுவும் ஒரே அளவுதானேன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான் சார்."

மமதா அவர் எதிரில் வந்து நின்றாள். "அதை எங்கிட்ட சொல்லுங்க அண்ணா. பேச்சு வாங்கினது என் காலு."

சின்னப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பும் வெட்கமுமாக, "தப்புதான் தங்கச்சி. நீ சரிவுல நிக்குதுன்னு சொன்னப்பவே நான் வெளிய வந்து பாத்திருக்கணும்" என்றார்.

ராடின் முனையில் இருந்த நட்டை உள்ளே திருப்பி, அளந்து, மறுபடி அளந்து மாட்டினார். தீய்ந்த ஷூக்களை மாற்றினார். சூட்டில் கெட்டுப்போன ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றினார். எல்லாம் முடிந்து, அடுத்த நாள் காலை நந்தி மலைக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அதைச் சொன்னது டிரேவர். மமதா ஓட்டுவது, சின்னப்பா பக்கத்தில், அவர் பின்னால்.

ஏறும்போதே வித்தியாசம் தெரிந்தது. வண்டி முக்காமல் மூன்றாவது கியரில் ஏறியது. இறங்கும்போது பின் சீட்டில் டிரேவர் கதவுப் பிடியை விடவேயில்லை. வாய்க்குள் ஜெபம் சொல்வது கண்ணாடியில் தெரிந்தது. வளைவுக்கு வளைவு மிதித்த இடத்தில் வண்டி நின்றது. அடிவாரத்தில் இறங்கி சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடு இருந்தது. கை வைக்க முடிகிற சூடு.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதே" என்றார் சின்னப்பா, டிரேவர் கொஞ்சம் தள்ளிப் போனதும். "வர்ற வழியெல்லாம் உன் காலைத்தான் பாத்துக்கினு வந்தேன். நேர் ரோட்லகூட நீ காலை பிரேக் மேல தூக்கியே வெச்சிருக்கே. மிதிக்கல. ஆனா தொட்டுக்கினுதான் இருக்குது."

மமதாவுக்குச் சுருக்கென்றது. மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அப்போது வேன் ஓட்டின வருஷங்கள் நினைவுக்கு வந்தன. ஸ்கூல் வாசலில் எந்தப் பிள்ளை எப்போது சக்கரத்துக்கு முன்னால் ஓடி வரும் என்று தெரியாது. கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே காத்திருக்கும். அந்த ஒரு வாரம் வெறுங்காலோடு கவனமாக ஓட்டியபோது எடுத்திருந்தாள். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் கால் பழையபடி அங்கே போய்விட்டது போல.

"இருக்கும் அண்ணா" என்றாள். "வேன்ல வந்த பழக்கம். மாத்திக்கிறேன்."

"ராடு இல்லாம இதால மட்டும் இத்தனை ஆகியிருக்காது" என்றார் சின்னப்பா அவசரமாக.

"தெரியும். இருந்தாலும் மாத்திக்கிறேன்."

ஊருக்குள் திரும்பி சின்னப்பாவை ஒக்கலிபுரத்தில் இறக்கிவிட்டு, ரிச்சர்ட்ஸ் டவுன் காம்பவுண்டில் வண்டியை நிறுத்தியதும் மமதா இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். டிரேவர் பின்னாலிருந்து, "என்ன?" என்றார்.

"சார், ஒரு பேச்சு. இனிமே நான் வண்டி சரியில்ல, எடுக்க மாட்டேன்னு சொன்னா, அன்னிக்கு யாரும் எடுக்கக் கூடாது. அமல் அண்ணனும் கூடாது. அவரு சொன்னா நானும் எடுக்க மாட்டேன். கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீங்கதான் பாக்கணும்."

மூன்று தலைமுறையாக அந்தக் காம்பவுண்டில் யார் எப்போது வண்டி எடுப்பது என்பதை வீட்டுக்காரர்தான் சொல்லி வந்தார். டிரேவர் கதவைத் திறந்து இறங்கி, டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"பியட்டுக்கும் சேர்த்தா?"

"பியட்டுக்கும்தான் சார்."

"ஃபைன்" என்றார். "அமல்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா ஏதோ ஆக்‌ஷன் எடுக்கிறேன்னு நினைப்பான்."

ஆர்ச் உடைந்த கல்யாண வீட்டுக்கு டிரேவர் தானே போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். பெண்ணின் மாமா காப்பி கொடுத்து அனுப்பியதாகச் சொன்னார். உமேஷ் தன் கம்பெனி பஸ்ஸை ஒரு நாள் ஹெப்பகோடி மேம்பாலச் சரிவில் நியூட்ரலில் போட்டுப் பார்த்ததாக மமதாவிடம் சொன்னான், ஏதோ வேறு பேச்சுக்கு நடுவில்.

தை மாதத்தில் அதிதிக்குக் கல்யாணம். மமதா வெள்ளை அம்பாசிடரில் போய் நின்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் காருக்குப் பின்னால் போய் டிரைவரைத் தேடினார். அதிதி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, "அக்கா, இடுப்புல ஒரு ஊக்கு கழண்டுடுச்சு, சீக்கிரம்" என்றாள். மமதா டப்பாவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.